ஜோகூர்த் தோட்டங்களும் அவற்றின் கட்டடங்களும்

இங்கிலாந்தின் சிற்றூர் ஒன்றின் பழமையை ஆராய்வோர் 'பாரிஷ்' எனப்படும் திருச்சபைப் பங்கின் கல்லாலான ஆலயத்திலிருந்து தொடங்குவது வழக்கம். 1538இல் தாமஸ் கிராம்வெல் பிறப்பித்த ஆணைக்குப் பின் ஞானஸ்நானமும் திருமணமும் அடக்கமும் பங்கு ஏடுகளில் பதிவாகி வந்ததால், அங்குக் கட்டடமும் ஏடும் ஒன்றுக்கொன்று சான்றாகின்றன. மலேசியாவின் ஜோகூர் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களும் தமக்கெனக் கோயிலும் பள்ளியும் கொண்ட சிற்றூர்களாகவே இருந்தன. ஆயினும் அங்கு வாழ்ந்து உழைத்தவர்களுக்கு நிலத்தில் ஒரு சாண்கூட உரிமை இல்லாததால், அவற்றின் கட்டடங்கள் நிலைத்ததும் அழிந்ததும் வேறொரு கணக்கின்படி நடந்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜோகூரின் குடியேற்றம் ஆற்றங்கரைகளையே பற்றியிருந்தது. மிளகும், தோல் பதனிடப் பயன்பட்ட கம்பீர்ச் செடியும் பயிரிட்ட சீனர்கள், ஒவ்வோர் ஆற்றுக்கும் உரிமைச் சீட்டுப் பெற்ற 'கங்சு' என்னும் தலைவரின் கீழ் வாழ்ந்தனர். 1909இல் கிம்மாசிலிருந்து ஜோகூர் பாரு வரையிலான இருப்புப்பாதை நிறைவுற்றபின், லாபிஸ், குளுவாங், ரெங்கம், லாயாங்-லாயாங், கூலாய் என நிலையங்களைச் சார்ந்து காடு அழிந்து ரப்பர் வளர்ந்தது. அதற்கு வேண்டிய ஆட்களைத் தமிழகத்திலுள்ள தம் ஊரிலிருந்தே திரட்டி வந்தவர் கங்காணி. 1938இல் இந்திய அரசு ஆள் அனுப்புவதைத் தடை செய்யும்வரை இம்முறை நீடித்தது.

தோட்டத்தின் அமைப்பே அதன் அதிகார வரிசையைக் காட்டிவிடும். தோட்ட மேலாளரான துரையின் பங்களா மேட்டில் நிற்கும். கணக்கும் பதிவும் பார்த்த கிராணிமார், பெரும்பாலும் யாழ்ப்பாணத்தாரும் மலையாளிகளும், சற்றுத் தள்ளிய வீடுகளில் இருப்பர். தாழ்ந்த பகுதியில் பலகைச் சுவரும் அத்தாப்பு ஓலை அல்லது தகரக் கூரையும் உடைய தொழிலாளரின் லயன் வீடுகள் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு நீளும். விடியுமுன் ஆட்கள் கூடிப் பெயர் கொடுக்கும் இடம் பிரட்டுக்களம். மரத்திலிருந்து இறங்கிய பால், அமிலத்தால் உறையவைக்கப்பட்டுத் தகடாக உருட்டப்பட்டபின் புகைக்கூடத்தில் பல நாள் காயும். கள்ளுக்கடையும் நிருவாகத்தின் ஏற்பாடே என்பதால், கொடுத்த கூலியில் ஒரு பங்கு தோட்டத்துக்குள்ளேயே செலவாயிற்று என்பதை மறக்கலாகாது.

இவற்றுள் தொழிலாளர் தாமே எழுப்பியது கோயில் மட்டுமே. லயன்களுக்கு அருகில் மாரியம்மனும், எல்லையில் மரத்தடியில் முனீஸ்வரரும் இடம்பெற்றனர். கீற்றுக் கொட்டகையாகத் தொடங்கியது சம்பளத்தில் பிடித்த சந்தாவால் தகரக் கூரையாகி, வசதி வந்தபோது சுதைவேலையுடன் செங்கல் கட்டடமாயிற்று. எனினும் அடிமனை தோட்டக் கம்பெனியுடையதாகவே இருந்தமையால், நிலம் கைமாறியபோது பல கோயில்கள் பெயர்க்கப்பட்டன.

பள்ளியின் தொடக்கம் வேறு. ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் நிருவாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. ஜோகூரும் அவ்வழியையே பின்பற்றியது. பள்ளி என்ற பெயரில் பெரும்பாலும் கிடைத்தது ஓர் அறையும் ஓர் ஆசிரியருமே.

இரண்டாம் உலகப் போரில், 1942 முதல் 1945 வரையிலான ஜப்பானிய ஆட்சியின்போது சயாம்–பர்மா இருப்புப்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டோரில் தோட்டத் தமிழர் பல்லாயிரவர். போருக்குப் பின் தோட்டங்கள் துண்டாடப்பட, அவற்றைத் தொழிலாளரே வாங்குவதற்காக 1960இல் அமைச்சராயிருந்த வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். பின்னர் ரப்பரின் இடத்தைச் செம்பனை பிடித்தது; நகரம் விரிந்தபோது ஜோகூர் பாருவைச் சூழ்ந்த தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின.

லயன்களும் புகைக்கூடங்களும் மறைந்த இவ்விடங்களில், ரினி, மவுண்ட் ஆஸ்டின் ஆகிய தோட்டங்களின் பெயர்களைத் தமிழ்ப்பள்ளிகள் இன்றும் தாங்கி நிற்கின்றன. இதற்குக் காரணம் பழமைப் பற்று மட்டுமன்று: புதிய தமிழ்ப்பள்ளிக்கு உரிமம் கிடைப்பது அரிதாதலால், ஆள் குறைந்த தோட்டத்துப் பள்ளியின் உரிமத்தைத் தமிழர் பெருகிய புறநகருக்கு மாற்றிப் புதுக் கட்டடம் எழுப்புவதே நடைமுறையாயிற்று.