அப்பாயியின் வெத்திலப் பை

மலையில கொழுந்து எடுக்கிற எங்க அப்பாயி இடுப்புல எப்பவும் வெத்திலப் பை இருக்கும். குளிருக்கும் பசிக்கும் அதுதான் துணை.

அந்தப் பையோட வரலாற்றைத் தேடினா, கடல் தாண்டி நெய்யூர் போய்ச் சேருது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து ஊர். அங்கே மிஷன் ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை செய்த இயன் ஓர், வெற்றிலை போடுவோருக்கு வரும் வாய்ப்புற்றுநோய் பற்றி 1933இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004இல் வெளியிட்ட நூல் உறுதியாகச் சொன்னது.

இடையில் எழுபது வருசம். “பொகயில இல்லாமத்தானே போடுறேன்”னு அப்பாயி இப்பவும் சொல்றாங்க.

வாய்க்குள்ள வெள்ளைத் திட்டு, ரெண்டு வாரமா ஆறாத புண் இருந்தா பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. ஒரு நாள் பேர் போகும்தான். ஆனா சின்னதா இருக்கும்போதே வெட்டினா நாக்கு மிஞ்சும்.