உடுவிலிற் கிருபைக் கோட்பாடு



சுன்னாகத்துக்கும் மானிப்பாய்க்கும் இடையே, பனந்தோப்பும் செம்மண் தோட்டமும் சூழ அமைந்த ஊர் உடுவில். அவ்வூரின் பெயரைக் கேட்டவுடன் நம்மவர் நினைவுக்கு வருவது அங்குள்ள மகளிர் கல்லூரியே. 1824ஆம் ஆண்டில் தொடங்கிய அக்கல்வி நிலையத்தின் கதையைப் பலர் பலவாறு சொல்லியிருக்கின்றனர். யான் இன்று பேச எடுத்துக்கொண்டது, அதனை நிறுவியவர்களைக் கடல் கடந்து வரச் செய்த ஒரு கோட்பாட்டின் கதை. இறைவன் மனிதனுடைய தகுதியை நோக்காது, தன் சித்தம் ஒன்றையே காரணமாகக் கொண்டு அவனை இரட்சிக்கிறான் என்பது அக்கோட்பாடு. உடுவில் மண்ணில் அது இருமுறை விதைக்கப்பட்டது. இருமுறையும் அது பட்ட பாடு நம் சிந்தனைக்கு உரியது.

முதலில் கோட்பாட்டைச் சற்று விளங்கிக்கொள்வோம். பவுல் அடியார் ரோமாபுரியில் இருந்த சபைக்கு எழுதிய நிருபத்திலே ஒரு பெருஞ் சிக்கலை எடுத்து ஆராய்கிறார். இறைவன் நீதியுள்ளவன், ஆதலின் பாவத்தைப் பாவமன்று என்று அவன் சொல்ல இயலாது. அவனே இரக்கமுள்ளவன், ஆதலின் பாவியைக் கைவிடவும் அவனுக்கு மனம் ஒவ்வாது. இவ்விரண்டும் ஒருங்கே நிறைவேறுவது எவ்வாறு?

பாடசாலை அதிபராகப் பல ஆண்டு இருந்த எனக்கு இச்சிக்கல் புத்தகத்திலிருந்து கற்க வேண்டிய ஒன்றாக இருக்கவில்லை. சோதனை மண்டபத்திலே பார்த்தெழுதிய பிள்ளையை என்முன் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அவன் கண்ணீரைக் கண்டு மன்னித்து விட்டால், இரவெல்லாம் விளக்கின்முன் இருந்து படித்த பிள்ளைக்கு அநீதி செய்தவனாகிறேன். தண்டித்து விட்டாலோ, ஓர் இளைஞனின் வாழ்வையே கெடுத்தேனோ என்று அன்றிரவு எனக்கு உறக்கம் வருவதில்லை. அதிபர்மாருக்கு இதற்கு முற்றான விடை கிடைத்ததாக யான் அறியேன். கிறித்தவ சமயம் கூறும் விடை, நீதிபதி தானே தண்டனையை ஏற்றான் என்பதாகும். சிலுவையிலே நீதியும் குறைவுபடவில்லை, இரக்கமும் தடைப்படவில்லை. அதனால் வரும் விடுதலை, கூலியாகாது கொடையாகிறது. இக்கொடைக்குக் கிருபை என்று பெயர்.

கொடையாயின் யாருக்குக் கொடுப்பது என்பதும் கொடுப்பவன் விருப்பமே. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெலாகியு என்பவர் மனித முயற்சியை உயர்த்திப் பேசியபோது, அகுஸ்தீனார் அதனை மறுத்து இக்கருத்தை வற்புறுத்தினார். ஒல்லாந்து தேசத்துத் தோர்த் நகரில் 1618ஆம், 1619ஆம் ஆண்டுகளிற் கூடிய திருச்சபைப் பேரவை, இறைவன் ஒருவனைத் தெரிந்துகொள்வது அவனிடம் முன்னறியப்பட்ட விசுவாசத்தையோ நற்செயலையோ காரணமாகக் கொண்டதன்று என முடிவு கட்டியது.

அப்பேரவை முடிந்து நாற்பது ஆண்டு நிறையுமுன் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பறங்கியரிடமிருந்து கைப்பற்றினர். அது 1658ஆம் ஆண்டு. உடுவில் அப்பொழுதே ஒரு கோயிற்பற்று. பறங்கியர் விட்டுச் சென்ற ஆலயமும் பள்ளியும் ஒல்லாந்தர் கைக்கு மாறின. பல்தேயு பாதிரியார் அக்காலத்தில் யாழ்ப்பாணத்திற் பணியாற்றி, 1672இல் வெளியான தம் நூலில் இக்கோயிற்பற்றுகளை விவரித்திருக்கிறார்.

தோர்த் பேரவையின் கோட்பாட்டை ஏற்ற திருச்சபை, ஒரு வணிகக் கும்பனியின் ஆட்சியிலே அதனை எவ்வாறு பரப்பியது என்பதுதான் வியப்பு. ஞானஸ்நானம் பெறாதவனுக்கு உத்தியோகம் இல்லை. அவன் விவாகமும் பதிவாகாது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோர் தண்டப்பணம் இறுக்க வேண்டும். பிறப்பையும் விவாகத்தையும் தோம்பிலே பதிந்தவர் பள்ளி ஆசிரியர். நம் தொழிலுக்கு அன்று இருந்த அதிகாரத்தை நினைத்தால் எனக்குச் சிறிது நாணமே உண்டாகிறது. 1663ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்துக் கிறித்தவர் தொகை அறுபதினாயிரத்துக்கு மேல் எனக் கணக்குக் காட்டப்பட்டது. தகுதி நோக்காது அளிக்கப்படும் கிருபையைப் போதித்தவர்கள், அதன் அடையாளமாகிய ஞானஸ்நானத்தைக் காணிக்கும் பதவிக்கும் உரிய தகுதியாக ஆக்கிவிட்டார்கள். சனங்களும் கோயிலிலே ஒரு பெயரும் வீட்டிலே ஒரு பெயருமாக வாழக் கற்றுக்கொண்டனர். 1795இல் ஒல்லாந்தர் ஆட்சி நீங்கியது. 1806இல் கிளோடியஸ் புக்கானன் என்னும் பாதிரியார் யாழ்ப்பாணம் வந்தபோது, அப்பெருந் தொகையில் மிகச் சிறு பகுதியேனும் எஞ்சியிருக்கக் காணாது மனம் வருந்தினார்.

இனி இரண்டாம் விதைப்பு. அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் இருப்பிடம் அமைத்தனர். 1820இல் மைரன் வின்ஸ்லோவும் அவர் மனைவியார் ஹாரியட் அம்மையாரும் உடுவிலிற் குடியேறினர். இவர்களும் கல்வினுடைய வழியில் வந்தவர்களே. இறைவனின் சுதந்திரமான கிருபையையே போதித்தவர்கள். ஆயினும் ஒல்லாந்தர் கதை அவர்களை எச்சரித்திருந்தது. ஞானஸ்நானம் கேட்டவரை அவர்கள் உடனே ஏற்கவில்லை. மாதக்கணக்கிற் காத்திருக்கச் செய்தனர். மனமாற்றம் உண்மையானதா என வினாவி அறிந்தனர். 1824இல் மிஷன் நிலையங்களில் ஓர் எழுப்புதல் உண்டாயிற்று. அதன் பயனாக 1825 தொடக்கத்தில் ஒரே நாளில் 41 பேர் சபையிற் சேர்ந்தபோது, அதனை அவர்கள் பெரும் அற்புதமாகக் கொண்டாடினர். அறுபதினாயிரம் எங்கே, நாற்பத்தொன்று எங்கே!

ஆனால் சிக்கல் இங்கும் வேறு வாயிலால் நுழைந்தது. எழுப்புதல் உண்டான அதே ஆண்டில் ஹாரியட் அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளியைத் தொடங்கினார். பெண் படித்தால் யார் மணப்பார் என்று ஊர் கேட்ட காலம் அது. ஆகவே ஊணும் உடையும் மிஷன் கொடுத்தது. தொடக்க காலத்தில் விவாகமாகும் மாணவிக்குச் சிறு சீதனமும் கொடுத்தது. யாழ்ப்பாணத்திற் சீதனம் என்ற சொல்லின் நிறை எவ்வளவு என்பதை நேயர்களுக்கு யான் விளக்க வேண்டியதில்லை. இலவசமான கிருபையைப் பற்றிக் கேட்க வந்த சிறுமி, சோற்றையும் சேலையையும் உடன் பெற்றாள். அவள் உள்ளத்தில் நிகழ்ந்தது கிருபையின் செயலா, நன்றியின் செயலா? மிஷனரிமார் இதனைச் சிந்தியாதவர் அல்லர். அழைப்பவன் இறைவன், கருவிகளை ஆள்வது மட்டும் எம் கடமை என்பதே அவர்கள் கொண்ட சமாதானம். சைவப் பெருமக்களோ அக்கருவிகளையே குற்றமாகக் கண்டனர். இருவர் பக்கத்திலும் உண்மை இருந்தது என்றே யான் எண்ணுகிறேன்.

ஹாரியட் அம்மையார் 1833இல் உடுவிலில் மறைந்தார். பின்னர் ஸ்போல்டிங் தம்பதியர் பள்ளியை நடத்தினர். 1840இல் வந்த எலிசா அக்னியூ அம்மையார் 1879 வரை அதன் தலைமையில் இருந்து, 1883இல் இறக்கும்வரை ஒருமுறையேனும் தாயகம் திரும்பவில்லை. அவர் கீழ் ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் கற்றனர். அவர்களுள் அறுநூற்றுவருக்கு மேல் கிறித்தவராயினர். ஏனையோர் சைவராகவே வீடு திரும்பினர். இந்த இரண்டாவது தொகையே என் மனத்தைக் கவர்வது. ஒரே அம்மையாரிடம், ஒரே பாடத்தை, ஒரே சோற்றை உண்டு கற்றவர்களுள் ஒருத்திக்கு உண்டான மாற்றம் மற்றவளுக்கு ஏன் உண்டாகவில்லை? தோர்த் பேரவை இதற்கு இறைவன் சித்தம் என்று விடை கூறும்.

சைவ சித்தாந்தி அவ்விடையோடு அமைந்துவிடான். தகுதி நோக்காது ஒருவனுக்கு அருளி மற்றவனை விட்டால் இறைவனுக்குப் பட்சபாதம் வாராதோ என்பான். வினை ஒத்து, மலம் பரிபாகமடைந்த ஆன்மாவிலே சத்திநிபாதம் நிகழும் என்பது அவன் கோட்பாடு. அப்பரிபாகத்தை உண்டாக்குவதும் திருவருளே என்று சேர்த்துக்கொள்வதால், முயற்சியால் வீடு பெறலாம் என்ற குற்றமும் அவனைச் சாராது. கிறித்தவரோ பல பிறவிகளை ஒப்பாது, பரிபாகத்துக்குக் காத்திராது, ஒரே பிறவியிலே பாவி என்றே அறியப்பட்டவனை நீதிமான் என ஏற்கும் துணிவையே கிருபையின் பெருமையாகச் சொல்வர். இவ்வேறுபாட்டை மழுப்புதல் இரு சமயத்தாருக்கும் மரியாதையாகாது.

இவ்விவாதம் அச்சேறியபோது வசைமொழிகளும் உடன் ஏறின. பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பிலே துணையிருந்த ஆறுமுக நாவலர், 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப் பாடசாலை நிறுவி, 1854இற் சைவதூஷண பரிகாரத்தை வெளியிட்டார். அதே 1854ஆம் ஆண்டில், வட்டுக்கோட்டைச் செமினரியின் அதிபராயிருந்த ஹொய்சிங்டன் பாதிரியார் ஆங்கிலத்திற் பெயர்த்த சிவஞானபோதமும் சிவப்பிரகாசமும் அமெரிக்கக் கீழைத்தேயக் கழகத்தின் ஏட்டிலே வெளிவந்தன. மறுக்க வந்தவர் உட்கார்ந்து படித்தார். படித்ததைத் தம் நாட்டாருக்கும் கொடுத்தார்.

உடுவிலில் தமிழ் கற்ற வின்ஸ்லோ, 1862இல் சென்னையில் வெளியிட்ட பேரகராதியில் 67,000க்கு மேற்பட்ட சொற்களைத் தொகுத்தார். அவர் காலத்துப் புரட்டஸ்தாந்தர் கிருபை என்ற சொல்லையே வழங்கினர். அவர்கள் வழிவந்த சபைகளில் இன்றும் அதுவே பெருவழக்கு. 1995இல் கத்தோலிக்கரும் பிற சபையாரும் இணைந்து வெளியிட்ட திருவிவிலியத்திலோ, அவ்விடங்களில் அருள் என்ற சொல் அமைந்திருக்கிறது. உமாபதி சிவாசாரியார் திருவருட்பயன் என்று தம் நூலுக்குப் பெயரிட்டபோது எடுத்தாண்ட சொல் அது.