திதியர் எத்தனை பேர்?

இலியத்தின் ஐந்தாம் காண்டத்தில் மெனெலாவோசின் ஈட்டிக்கு இரையாகும் பைலைமினீசு என்னும் சிற்றரசன், பதின்மூன்றாம் காண்டத்தில் தன் மகனின் உடலுக்குப் பின்னே அழுதுகொண்டு நடக்கிறான். இம்முரணை நீக்க, பழைய கிரேக்க உரையாசிரியர் சிலர் அப்பெயரில் இருவர் இருந்தனர் என்றனர். ஒரே பெயருடைய சிறுபாத்திரங்கள் எங்கெல்லாம் தோன்றுகின்றனவோ, அங்கெல்லாம் இவ்வினா எழும்: ஒருவரா, பலரா?

சங்கப் பாடல்களில் இவ்வினாவுக்குத் தக்க சான்று திதியன். அகநானூற்று 25ஆம் பாட்டு அவனைப் பொதியில் மலைக்குரியவனாகக் காட்டுகிறது. 36ஆம் பாட்டில், தலையாலங்கானத்தில் நெடுஞ்செழியனிடம் தோற்ற எழுவருள் ஒருவனாகத் திதியன் வருகிறான். 45, 126, 145ஆம் பாடல்களில், குறுக்கைப் போர்க்களத்தில் அன்னியொடு பொருதவன் அவன்; பகைக்குக் காரணம் அவனுடைய காவல்மரமான புன்னை. 196ஆம் பாட்டிலோ அவன் அழுந்தைக்குரியவன். தந்தையின் கண்களைப் பறித்த கோசரைப் பழிவாங்க அன்னி மிஞிலி முறையிட்டது ஒரு திதியனிடமே.

இவர்கள் அனைவரையும் ஒருவனாகக் கொள்வது எளிது. ஆயின் இடங்கள் இணங்கவில்லை. பொதியில் தென்கோடி மலை, அழுந்தூர் காவிரிநாட்டது. குறுக்கைச் செய்தியில் அன்னிக்கு அறிவுரை கூறிய எவ்வி நீடூர்க்குரியவன். நீடூர், குறுக்கை, அழுந்தூர் என்னும் பெயர்கள் மூன்றும் இன்றும் மயிலாடுதுறை வட்டாரத்தில் வழங்குகின்றன. ஆதலின் புன்னைக்குரிய திதியனும் அழுந்தைத் திதியனும் ஒருவன் எனக் கொள்ள இடமுண்டு. பொதியில் திதியன் வேறொருவன். தலையாலங்கானத்துத் திதியனுக்கோ ஊரோ மலையோ கூறப்படவில்லை; அவனை இருவருள் எவனோடும் சேர்க்கப் பாட்டளவில் ஆதாரம் இல்லை.

பெயரொற்றுமை எவ்வளவு ஏமாற்றும் என்பதற்குப் பரணர் பாடல்களே போதும். ஆய் எயினனைப் போரில் வீழ்த்திய மிஞிலி ஓர் ஆண். அன்னி மிஞிலி ஒரு பெண். அன்னி என்பதும் குறுக்கையில் பொருதவனின் பெயர்.

இது வெறும் பெயராய்வு அன்று. பொதியில் திதியன் ஆய் மரபினனாகக் கருதப்படுபவன். அம்மரபே பின்னாளில் விழிஞத்தையும் இன்றைய திருவனந்தபுரச் சுற்றுப்புறத்தையும் ஆண்டது. 1932இல் கே. என். சிவராசபிள்ளை அமைத்தது போன்ற தலைமுறை அட்டவணைகள், ஒரு பெயர் ஒருவனையே குறிக்கும் என்னும் துணிபைப் பெரிதும் சார்ந்தவை. ஒரு திதியன் இருவராயின், அவனோடு கட்டப்பட்ட அரசரும் புலவரும் இடம்பெயர்வர். பின்னாளில் திருவனந்தபுரத்தில் தமிழ்த்துறைத் தலைவராக விளங்கிய வையாபுரிப்பிள்ளை, 1940ஆம் ஆண்டுப் பதிப்பில் பாடல்களைப் புலவர்வாரியாக வகுத்தபோதும், ஒரே பெயர்ப் புலவர்களைப் பிரிப்பதா சேர்ப்பதா என்பதே எதிர்நின்ற இடர்.

பிற்கால ஆய் மன்னர்க்கு இவ்விடர் குறைவு. கழுகுமலைக் கல்வெட்டில் மாறஞ்சடையனிடம் தோற்ற சடையன் கருநந்தன் எட்டாம் நூற்றாண்டின் இறுதியினன். பார்த்திவபுரச் செப்பேட்டின் கருநந்தடக்கனோ கலிநாள் கணக்கால் 866ஆம் ஆண்டில் உறுதிப்படுகிறான். பெயர் நெருங்கினும் காலம் பிரித்துவிடுகிறது. பாட்டில் கலிநாள் இல்லை. அங்கே ஊரும், உடன்வரும் பெயர்களுமே சான்று. அவையும் இல்லாத இடத்தில் திதியனை எவனோடும் சேர்க்காமல் விடுவதே வரலாற்றுக்குச் செய்யும் நேர்மை.