பால்மரமும் பறக்கும் பொறியும்

கோல சிலாங்கூர் வட்டாரத்தில், ஜெராம் என்னும் ஊரை அடுத்த கடலோரத்தில் அமைந்திருக்கின்றது சுங்கை செம்பிலாங். செம்பிலாங் என்பது மலாய் மொழியில் ஒருவகைக் கடற்கெளிற்றின் பெயர். ஒருபுறம் மீனவர் படகுகளும் கண்டற்காடுகளும்; மறுபுறம், உள்நோக்கிச் செல்லச் செல்ல, தோட்டங்கள். அத்தோட்டங்களில் இன்று செம்பனையே மிகுதி. ஆயினும் வட சிலாங்கூர்த் தமிழரின் வாழ்வை ஒரு தலைமுறைக்கு மேல் தாங்கி நின்றது பால்மரம் எனப்படும் இரப்பர் மரமேயாகும். அம்மரத்தின் பால் வண்டிச் சக்கரத்திற்குச் சென்றதை அனைவரும் அறிவர். வானில் பறக்க முயன்ற மனிதனின் கைக்கும் அது சென்றது என்பதைச் சொல்வார் குறைவு. மாதிரி வானூர்திகளின் வரலாற்றைப் புரட்டினால், தொடக்கம் முதல் நெடுங்காலம் வரை அதன் உயிர்நாடியாக ஓடுவது இரப்பர் வார்தான்.

பறக்கும் பொறி என்றதும் தமிழாசிரியர்க்குச் சீவக சிந்தாமணியின் மயிற்பொறியே முதலில் நினைவுக்கு வரும். சச்சந்தன் தன் தேவி விசயைக்காகத் தச்சனைக் கொண்டு அதனைச் செய்விக்கின்றான். வலமாகத் திருகினால் எழும்; இடமாகத் திருகினால் தரையில் இறங்கிக் கால் குவித்து இருக்கும். இதைக் காட்டி, வானூர்தியை முதலில் கண்டவர் தமிழரே என்று மேடையில் முழங்குவாரும் உளர். அம்முழக்கத்தால் நமக்குப் பெருமை ஒன்றும் கூடுவதில்லை. பொறி பறந்ததற்குச் சான்று இல்லை. புலவர் ஒருவர் அதைக் கருதிப் பார்த்தார் என்பதற்கே சான்று உண்டு. எனக்கு வியப்பளிப்பது வேறொன்று. திருத்தக்கதேவர் அப்பொறிக்கான பொருள்களைப் பட்டியலிடுகின்றார்: துணி, பசை, நூல், அரக்கு, மெழுகு. ஏழு நாளில் வேலை முடிகின்றது. மந்திரமோ வரமோ அங்கே இல்லை. நூற்றாண்டுகள் பல கழித்து மாதிரி வானூர்தி செய்தவனின் மேசைமேல் இருந்தவையும் ஏறத்தாழ இவையே. தச்சுப்பட்டறையை அருகிலிருந்து பார்த்த ஒருவரால்தான் அப்படி எழுத இயலும்.

அப்பட்டியலில் இல்லாத ஒன்று இரப்பர். அதை வானூர்தியில் முறையாகப் பூட்டியவர் அல்போன்சு பெனோ என்னும் பிரெஞ்சு இளைஞர். 1871 ஆகஸ்டு 18ஆம் நாள், பாரிசு நகரின் துயிலரி பூங்காவில் அவர் ஒரு சிறு பொறியைப் பறக்கவிட்டார். நீளம் ஏறத்தாழ 51 செண்டிமீட்டர். இறக்கையின் அகலம் 46 செண்டிமீட்டர். பின்முனையில் ஒரு சுழல்விசிறி. உடற்கோலின் கீழே, முறுக்கேற்றிய இரப்பர் வார். கையை விட்டதும் முறுக்கு அவிழ்ந்து விசிறி சுழன்றது. 11 விநாடிகளில் ஏறத்தாழ 40 மீட்டர் பறந்தது. இரப்பரை இழுத்துவிடுவதைக் காட்டிலும் முறுக்கிவிடுவதால் ஆற்றல் சீராகவும் நீடித்தும் வெளிப்படும் என்பதை அவர் கண்டுகொண்டார். வாலின் சிறுபரப்பைச் சற்றே கீழ்நோக்கிய கோணத்தில் அமைத்தால் பொறி தானே நிலைகொள்ளும் என்பதையும் கண்டார். பின்னர் மனிதனைச் சுமக்கும் வானூர்திக்கும் திட்டம் வரைந்தார், ஆதரிப்பார் இல்லை. 1880இல், முப்பது வயதிலேயே, தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

பெனோவின் கையிலிருந்த இரப்பர் மலைநாட்டது அன்று. அக்காலத்தில் இந்நாட்டில் இரப்பர்த் தோட்டமே இல்லை. 1876இல்தான் என்றி விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டு சேர்த்தார். 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன; அவற்றுள் சில கோலகங்சாரில் நடப்பட்டன. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவராக 1888இல் வந்த ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் நாள்தோறும் பால் எடுக்கும் முறையை வகுத்தார். 1896இல் தான் சாய் யான் மலாக்காவில் வணிக நோக்கில் பயிரிட்டார். 1907இல் இந்தியர் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டபின், தென்னகத்திலிருந்து ஆட்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கினர். எஞ்சியதை நம் பாட்டன்மார் கதையாகவே நாம் அறிவோம்.

பால் வெட்டும் தொழிலை வெறும் உடலுழைப்பாகக் கருதுவோர் அக்கத்தியைக் கையில் பிடித்துப் பார்த்ததில்லை. பட்டையை ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் கனத்திற்குமேல் சீவுதல் கூடாது. ஆழம் குறைந்தால் பால் வாராது. கூடினால் கத்தி உள்ளே வளரும் மெல்லிய படலத்தைத் தொட்டுவிடும், அவ்விடத்தில் பட்டை மீண்டும் செம்மையாக வளராமல் முடிச்சு விழும். வெட்டு இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக, ஏறத்தாழ முப்பது பாகைச் சரிவில் செல்ல வேண்டும். இவ்வளவும் விடியுமுன், தலையில் கட்டிய விளக்கின் ஒளியில், நூற்றுக்கணக்கான மரங்களில் ஒவ்வொன்றாக நிகழ வேண்டும். கத்தியைத் தீட்டும் கல்லும் கோணமும் ஆளுக்கு ஆள் வேறு. பிடியைத் தம் கைக்கேற்பச் செதுக்கிக்கொள்வோரும் உண்டு. ஒரு மரத்துண்டை மில்லிமீட்டர் கணக்கில் இழைத்து இறக்கையாக்கும் கைத்திறனுக்கும் இதற்கும் வேறுபாடு எங்கே? ஒன்றைக் கலை என்றும் மற்றொன்றைக் கூலிவேலை என்றும் அழைக்கின்றோம், அவ்வளவே.

மீண்டும் வானூர்திக்கு வருவோம். 1878இல் மில்டன் ரைட் என்னும் அமெரிக்கச் சமயப் பெரியார், பயணத்திலிருந்து திரும்பியபோது தம் இளம் மக்கள் இருவர்க்கும் ஒரு விளையாட்டுப் பொருளைக் கொணர்ந்தார். மூங்கில், தக்கை, தாள், இரப்பர் வார் ஆகியவற்றாலான அது, பெனோவின் அமைப்பைத் தழுவியது. கையை விட்டதும் கூரையை நோக்கி எழுந்தது. ஆர்வில், வில்பர் என்னும் அவ்விருவரும் அது உடைந்தபின் தாமே அதுபோல் செய்து பார்த்தனர். 1903 டிசம்பர் 17ஆம் நாள் அவர்களுடைய வானூர்தியின் முதற்பறப்பு 12 விநாடி நீடித்தது. கடந்த தொலைவு ஏறத்தாழ 37 மீட்டர். பெனோவின் இரப்பர்ப் பொறி பறந்த கணக்கோடு இதை ஒப்பிடும் மாணவர் புன்னகை புரிவர்.

ரைட் உடன்பிறப்பாளர் மிதிவண்டிக் கடை நடத்தியவர். அவர்கள் பட்டறையின் கதை, பறந்த கதையினும் சுவையுடையது. இறக்கைகள் பற்றி அதுவரை அச்சான கணக்குகள் பிழைபட்டவை என்று ஐயுற்ற அவர்கள், 1901இன் இறுதியில் ஆறடி நீள மரப்பெட்டி ஒன்றைச் செய்து, அதனுள் விசிறியால் காற்றைச் செலுத்தினர். காற்றின் விசையை அளக்கும் தராசு கடையில் கிடைப்பதன்று. இரும்பு அறுக்கும் வாளின் அலகுத் துண்டுகளையும் மிதிவண்டிச் சக்கரக் கம்பிகளையும் கொண்டு தாமே ஒன்று செய்தனர். அதில் ஏறத்தாழ இருநூறு சிறு இறக்கை வடிவங்களைச் சோதித்தனர். எந்திரம் செய்துதர எந்நிறுவனமும் முன்வராதபோது, அவர்கள் பட்டறையின் கம்மியர் சார்லி டெய்லர் ஆறு வாரங்களில் அதைச் செய்து முடித்தார். அவரிடமிருந்தவை ஒரு கடைசல் பொறி, ஒரு துளைப்பான், சில கைக்கருவிகள். எந்திரத்தின் வளைதண்டுக்காக எஃகுப் பாளத்தில் கோட்டுருவம் வரைந்து, அக்கோட்டின்மீது நெருக்க நெருக்கத் துளையிட்டு, வேண்டாப் பகுதியை உளியாலும் சுத்தியாலும் தட்டி எடுத்து, எஞ்சியதைக் கடைந்தார். பன்னிரண்டு குதிரைத்திறன் கிடைத்தது. வரலாற்று நூல்கள் நெடுங்காலம் டெய்லரை மறந்தே இருந்தன.

மிதிவண்டி ரைட் உடன்பிறப்பாளர்க்குப் பள்ளிக்கூடமாயிற்று. அதே மிதிவண்டி சிலாங்கூர்த் தோட்டத் தமிழனுக்கு என்னவாயிற்று என்பதையும் பார்த்துவிட வேண்டும். எதிரே துரையோ தோட்ட அலுவலரோ வந்தால், வண்டியில் செல்லும் தொழிலாளி இறங்கி நிற்க வேண்டும் என்பது அக்கால வழக்கம். 1941இல் ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற கிள்ளான் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள், ஊதிய உயர்வோடு இந்த இறங்கி நிற்கும் வழக்கத்தை ஒழிப்பதும் ஒன்று. போராட்டம் சிலாங்கூரின் பிற பகுதிகட்கும் பரவியது. மே மாதத்தில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது, படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் ஐவர் மாண்டனர், நாதன் நாடு கடத்தப்பட்டார். வண்டியைப் பிரித்துப் பூட்டி அதன் நுட்பங்களை ஆராயும் உள்ளம், முதலில் அதன்மேல் நிமிர்ந்து அமரும் உரிமையைப் பெற வேண்டியிருந்தது. நம்மவரிடையே ஏன் ஒரு ரைட் தோன்றவில்லை என்று வினவுவோர் இதையும் கணக்கிற் சேர்த்துக்கொள்ளட்டும்.

அவ்வாண்டின் இறுதியிலேயே போர் வந்தது. 1942 சனவரித் தொடக்கத்தில் சப்பானியர் கடல்வழியே கோல சிலாங்கூர்க் கரையில் இறங்க முயன்றனர், பீரங்கிகள் தடுத்தன. சில நாளில் கோலாலம்பூரே வீழ்ந்தது. மலாயா இரப்பர் நேச நாடுகட்கு எட்டாமற் போகவே, அமெரிக்கச் சிறுவர் கைக்கு மாதிரி வானூர்தியின் இரப்பர் வாரும் எட்டாமற் போயிற்று. அதே ஆண்டில் அந்நாட்டுக் கடற்படை, பகை விமானங்களை அடையாளங்காணும் பயிற்சிக்கென ஐந்து இலட்சம் மர மாதிரிகளைச் செய்து தருமாறு பள்ளி மாணவரைக் கேட்டது. அவை பறக்கா மாதிரிகள். இங்கே, பால் வெட்டிய கைகளுள் ஆயிரக்கணக்கானவை சயாம் மரண இரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டன.

தொலைவிலிருந்து வானொலி அலையால் ஒரு பொறியை இயக்கலாம் என்பதை 1898இல் நியூயார்க்கில் ஒரு சிறு படகின் வாயிலாக நிக்கோலா தெசுலா காட்டியிருந்தார். மாதிரி வானூர்தியில் அதைச் சாதித்தவருள் முன்னோடிகள், மிச்சிகன் மாநிலக் கலமசூ நகரத்து வால்டர் குட், வில்லியம் குட் என்னும் இரட்டையர். அவர்களின் ‘கப்’ என்னும் வானூர்தி 1937இல் பறந்தது. இன்று சுமித்சோனியன் அருங்காட்சியகத்தின் உடைமையாக உள்ளது. அக்காலத்து ஏற்பிகளில் வெற்றிடக்குழாய்கள். அவற்றுக்குக் கனமான மின்கலங்கள். சுக்கானைத் திருப்ப மின்னோடி வைத்தால் கனம் மேலும் ஏறும். இதற்குக் கண்ட வழி எளிமையானது. முறுக்கேற்றிய இரப்பர் வாரை உடலின் நெடுக வைத்து, அதன் முனையை ஒரு பற்சக்கரத்தில் மாட்டி, சக்கரத்தை ஒரு சிறு கொக்கியால் தடுத்து நிறுத்தினர். அலை வந்ததும் மின்காந்தம் கொக்கியை இழுக்கும். சக்கரம் கால்பங்கு சுழலும். சுக்கான் இடப்புறம் திரும்பும். அலை நின்றதும் நடுநிலைக்கு வரும். அடுத்த அலைக்கு வலப்புறம். முன்பு திருப்பியது எப்பக்கம் என்பதைத் தரையில் நிற்பவர் மறந்தாரானால் ஊர்தி மரத்தில்தான் இறங்கும்! வானொலி கட்டளையை மட்டுமே தந்தது; திருப்பிய வலிமை இரப்பருடையது. 1950களிலும் இவ்வமைப்பு பரவலாக வழங்கியது. அறுபதுகளில், கைப்பிடியை எவ்வளவு சாய்க்கின்றோமோ அவ்வளவே சுக்கானும் சாயும் மின்னணு முறை வந்தபின்னரே இரப்பர் அவ்விடத்தை விட்டு நீங்கியது.

இத்தொழிலுக்குரிய கருவிகள் பலவும் வீட்டிலேயே செய்யப்பட்டவை. மழிக்கும் அலகின் பாதியை மரக்கட்டையில் செருகினால் சிறு இழைப்புளி. உப்புத்தாள் ஒட்டிய சட்டம் அரத்திற்கு மாற்று. பலகையில் அறைந்த மூன்று ஆணிகள் கம்பி வளைக்கும் அச்சு. கைத்துளைப்பானின் வாயில் கொக்கி ஒன்றைப் பொருத்தினால் இரப்பர் முறுக்கும் பொறி. நம் தோட்டப் பட்டறைகளும் இம்மரபினவே. உதிரிப்பாகம் நகரிலிருந்து வரும்வரை இயந்திரம் நின்றுவிடக்கூடாது. ஆகவே பழைய வில்தகட்டிலிருந்து கத்தியும், தேய்ந்த அரத்திலிருந்து உளியும் அடித்துக்கொண்ட கம்மியர் பலர். அவர்கள் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. மரத்திற்கும் நாம் வெளியே தேட வேண்டுவதில்லை. ஈக்குவடோர் நாட்டுப் பால்சாவே இலேசில் முதன்மையது. எனினும் நம் காடுகளின் செலுத்தோங் மரம் கத்திக்கு இணங்குவது, வரியோட்டம் நேரானது. பென்சிலுக்கும் வார்ப்பச்சுக்கும் மாதிரிகட்கும் உலகெங்கும் அதை நாடினர். அதுவும் ஒரு பால்மரமே. அதன் பால் மெல்லும் பசைக்குச் சென்றது.

தமிழகத்தில் இக்கைமரபின் பேருருவம் கோவை ஜி. டி. நாயுடு (1893–1974). பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டவர். மோட்டார் மிதிவண்டி ஒன்றைப் பிரித்துப் பூட்டியே பொறியியல் பயின்றார். சென்னைக் குரோம்பேட்டைத் தொழில்நுட்பக் கல்லூரியில் வானூர்திப் பொறியியல் பயின்ற அப்துல் கலாம், அங்குள்ள தமிழ்ச் சங்கத்தின் கட்டுரைப் போட்டியில், நம் வானூர்தியை நாமே செய்வோம் என்னும் பொருள்பற்றித் தமிழில் எழுதி, ஆனந்த விகடன் ஆசிரியர் தேவன் கையால் முதற்பரிசு பெற்றதைத் தம் வாழ்க்கை வரலாற்றில் குறித்துள்ளார். வானூர்தி பற்றி எழுதத் தமிழ் போதாது என்பார்க்கு இதுவே விடை. அதே கல்லூரியின் தக்சா குழு, 2018இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா வானூர்திப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது.

வட சிலாங்கூரில் பால்மரம் ஏன் மறைந்தது என்பதற்கும் இவ்வட்டாரத்திலேயே விடை உண்டு. ஆன்றி போகோனியே என்னும் பிரெஞ்சுத் தோட்டக்காரர், 1917இல் பத்தாங் பெர்ஜுந்தை அருகே தென்னமரம் தோட்டத்தில் நாட்டின் முதல் வணிகச் செம்பனையை நட்டார். தோட்டத்தின் பெயரே தமிழ் என்பது கருதத்தக்கது. அறுபதுகளுக்குப்பின் செம்பனை பரவப் பரவப் பால்மரங்கள் வெட்டப்பட்டன. இன்று மலேசியச் செம்பனைத் தோட்டங்களில் மரங்களை எண்ணவும் மருந்து தெளிக்கவும் ஆளில்லா வானூர்திகள் பறக்கின்றன. அவற்றை இயக்குவோருள் பால்வெட்டித் தொழிலாளரின் பேரர்கள் எத்தனைபேர் என்பதை மாணவர் தம் ஊரில் கேட்டு எழுதிவைக்கலாம்.

பெனோவின் பொறியை வகுப்பறையிலேயே செய்து காட்டலாம். அரை மீட்டர் செலுத்தோங் அல்லது மூங்கிற் கோல், மெல்லிய தாள், ஈர்க்கு, தகரத்தை வெட்டி முறுக்கிய விசிறி, தையலூசிக் கம்பியில் ஓர் அச்சு, நீண்ட இரப்பர் வார் ஆகியவை போதும். இறக்கையின் நுனிகளைச் சற்றே மேல்நோக்கி வளைக்க வேண்டும்; வாலின் முன்விளிம்பு பின்விளிம்பினும் தாழ்ந்திருக்க வேண்டும். இரப்பருக்குச் சிறிது விளக்கெண்ணெய் தடவினால் முறுக்கும்போது உராய்ந்து அறாது. முதல் நாளே முழு முறுக்கு ஏற்ற வேண்டா. இருபது சுற்றில் தொடங்கி, புல்தரையில் விட்டுப் பார்க்கவும். மூக்குக் குத்தி விழுந்தால் இறக்கையைச் சற்று முன்னே தள்ளிக் கட்டவும்.