மங்களாசாஸனம் பெறாத நிலத்தில் ஒரு வைஷ்ணவ ஆண்டு: கம்பம் பள்ளத்தாக்கும் உபதேசரத்தினமாலையும்



வர்ஷம் என்னும் வடசொல்லுக்கு மழை என்றும் பொருள், ஆண்டு என்றும் பொருள். மழை வந்து போவதையே ஆண்டின் அளவாகக் கொண்ட பண்டை வழக்கு அச்சொல்லில் தங்கியிருக்கிறது. மேற்குமலைத் தொடருக்கும் வருஷநாட்டு மலைகளுக்கும் இடையே கிடக்கும் கம்பம் பள்ளத்தாக்கில் இவ்விரு பொருளும் நெடுங்காலம் பிரியாமலே இருந்தன. சுருளியாற்றில் நீர் வரும் காலம் விதைக்கும் காலம். நீர் குறையும் காலம் ஓயும் காலம். பஞ்சாங்கம் காட்டும் ஆண்டும் நீர் காட்டும் ஆண்டும் அந்நாட்டார் அனைவருக்கும் பொது. இவற்றோடு அங்குள்ள வைஷ்ணவ இல்லங்களுக்கு உரியதாய் மூன்றாவது ஓர் ஆண்டும் உண்டு. அது ஆழ்வார்களின் திருநக்ஷத்ரங்களால் ஆனது. அது எவ்வாறு வந்தது, எதனால் நிற்கிறது என்பதே இங்கு ஆராயத்தக்கது.

இன்றைய தேனி மாவட்டத்தின் எல்லைக்குள் ஆழ்வார்களின் மங்களாசாஸனம் பெற்ற திவ்யதேசம் ஒன்றும் இல்லை. கிழக்கே திருமாலிருஞ்சோலையும் கூடலும் திருமோகூரும் உள்ளன. மலைக்கு அப்பால் தென்கிழக்கே ஸ்ரீவில்லிபுத்தூர் உள்ளது. பள்ளத்தாக்கினுள்ளே கம்பத்தில் கம்பராயப் பெருமாளும், கூடலூரில் அழகிய பெருமாளும், போடிநாயக்கனூரில் ஸ்ரீநிவாஸப் பெருமாளும் எழுந்தருளியிருக்கிறார்கள். பாசுரம் பெற்ற ஸந்நிதி இவற்றில் ஒன்றும் அன்று. நிலம் அறியப்படாத நிலமும் அன்று. சின்னமனூரில் கிடைத்த பாண்டியர் செப்பேடுகள் அதன் பழைமைக்குச் சான்று. திவ்யதேசத்தில் வாழ்வோர்க்குத் தம்மூர்ப் பெருமாளைப் பாடிய பாசுரமும், அதையொட்டிய உத்ஸவ முறையும் ஆண்டை வகுத்துக் கொடுத்துவிடும். பாடப்பெறாத ஊரில் வாழும் வைஷ்ணவனுக்கு ஆண்டை வகுத்துக் கொடுப்பது எது?

இக்கேள்விக்கு விடையாய் அமைந்தது மணவாள மாமுனிகளின் உபதேசரத்தினமாலை. 1370-ஆம் ஆண்டு ஆழ்வார்திருநகரியில் அவதரித்த மாமுனிகள், தம் ஆசார்யரான திருவாய்மொழிப் பிள்ளையிடம் பெற்ற உபதேசத்தை இப்பிரபந்தமாக அருளினார். ஆழ்வார்களின் திருவவதார மாதமும் நக்ஷத்ரமும், அவதார ஸ்தலமும், திருவாய்மொழிக்கு அமைந்த ஐந்து வ்யாக்யானங்களின் வரலாறும், ஈடு வழிவழி வந்த முறையும், ஸ்ரீவசனபூஷணத்தின் ஏற்றமும் அதில் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. காலக்கணக்கும் வ்யாக்யான வரலாறும் ஒரே நூலில் அமைந்தது தற்செயல் அன்று. எதைக் கேட்பது என்று கூறுமுன் எந்நாளில் நினைப்பது என்று அந்நூல் கூறிவிடுகிறது.

அந்நூலின் மாத வரிசை சித்திரையில் தொடங்கவில்லை. முதலாழ்வார் மூவரின் ஐப்பசியில் தொடங்குகிறது. கார்த்திகையில் கார்த்திகையும் ரோஹிணியும் முறையே திருமங்கையாழ்வாருக்கும் திருப்பாணாழ்வாருக்கும் உரியவை. மார்கழியில் கேட்டை தொண்டரடிப்பொடியாழ்வார், தையில் மகம் திருமழிசையாழ்வார், மாசியில் புனர்பூசம் குலசேகராழ்வார், வைகாசியில் விசாகம் நம்மாழ்வார், ஆனியில் சுவாதி பெரியாழ்வார். அதன்பின் ஆடிப்பூரம், சித்திரையில் சித்திரை, சித்திரையில் திருவாதிரை என்று ஆண்டாளும் மதுரகவிகளும் எம்பெருமானாரும் தனித்துச் சொல்லப்படுகிறார்கள். எண்ணிப் பார்த்தால் ஒன்பது மாதங்கள் நிறைகின்றன. ஆவணி, புரட்டாசி, பங்குனி ஆகிய மூன்று எஞ்சுகின்றன. அவையும் வெறுமையாய் இல்லை. ஆவணி ரோஹிணி கண்ணனுக்கும், புரட்டாசித் திருவோணம் திருவேங்கடமுடையானுக்கும், பங்குனி உத்திரம் பிராட்டிக்கும் உரியவை. பாடினவர்களின் மாதங்களும் பாடப்பட்டவர்களின் மாதங்களும் சேர்ந்து ஆண்டு முழுமை பெறுகிறது.

இவ்வாண்டைக் கைக்கொள்ளப் பெருங்கோயிலோ தேரோ வேண்டியதில்லை. நக்ஷத்ரச் சுற்று ஏறத்தாழ 27 நாள். சூரிய மாதமோ 29 முதல் 32 நாள் வரை நீளும். ஆகவே ஒரே நக்ஷத்ரம் ஒரு மாதத்தில் இருமுறை வருவதுண்டு. எதைக் கொள்வது என்பதற்குப் பஞ்சாங்கமும் பெரியோர் வழக்கும் வேண்டும். நாளைக் கண்டறிந்த பின் அன்றைய ஆழ்வாரின் தனியனை அநுஸந்தித்து, அவர் அருளிச்செயலை ஸேவித்து, இயன்றால் ஒரு திருக்கண்ணமுது அமுதுசெய்விப்பதே அந்நாளின் அநுஷ்டானம். ஒரு பஞ்சாங்கம், ஒரு புத்தகம், ஓர் அடுப்பு இருந்தால் போதும். மங்களாசாஸனம் பெறாத நிலத்திலும் ஆழ்வார்களின் ஆண்டு குடியேறியது இந்த எளிமையால்தான்.

மற்ற இரண்டு ஆண்டுக்கணக்குகளும் மனிதர் கையால் மாறியதை இப்பகுதி கண்டிருக்கிறது. மாசியில் நிகழ்ந்துவந்த மீனாட்சி திருக்கல்யாணத்தைத் திருமலை நாயக்கர் (1623–1659) சித்திரைக்கு மாற்றினார் என்றும், தேனூரில் வைகையில் இறங்கிவந்த அழகர் அதன்பின் மதுரைக்கே எழுந்தருளலானார் என்றும் மதுரை வழக்கு கூறும். 1886-இல் திருவிதாங்கூர் அரசோடு 999 ஆண்டுக் குத்தகை உடன்படிக்கை ஏற்பட்டு, பென்னிகுயிக்கின் முயற்சியால் 1895-இல் பெரியாற்று அணை நிறைவேறியது. மேற்கே கடலுக்கு ஓடிய நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பிற்று. அன்றுமுதல் பள்ளத்தாக்கின் ஆண்டை மழை மட்டுமே தீர்மானிக்கவில்லை, மதகும் தீர்மானிக்கலாயிற்று. இருப்பு போதிய ஆண்டுகளில் ஜூன் தொடக்கத்தில் முதல்போகத்துக்கு நீர் திறப்பது வழக்கமாயிற்று. அந்நீரும் வருஷநாட்டு மலையினின்று வரும் வைகையும் 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையில் கூடுகின்றன. அழகர் ஆற்றில் இறங்குவதற்கும் இன்று அவ்வணையிலிருந்து நீர் விடப்படுகிறது.

அரசன் விழாவின் மாதத்தை மாற்றினான். பொறியாளர் ஆற்றின் திசையை மாற்றினர். திருநக்ஷத்ரத்தை மாற்ற ஒருவராலும் இயலாது. அவதரித்த நாள் அவதரித்த நாளே. ஆனால் அது மாறாது என்பதனால் மறையாது என்று ஆகாது. மறதி ஒன்றே அதற்குப் பகை.

இம்மறதி எளிதில் கண்ணுக்குத் தெரியாது என்பதற்கு அநத்யயன காலமே சான்று. வேதத்துக்கு உபாகர்மமும் உத்ஸர்ஜனமும் போல, திராவிட வேதத்துக்கும் ஓதாத காலம் உண்டு. தென்னாசார்ய ஸம்ப்ரதாயத்து இல்லங்களில் திருக்கார்த்திகைக்குப் பின் அருளிச்செயல் அநுஸந்தானம் நிறுத்தப்பட்டு, ஆழ்வானின் திருநக்ஷத்ரமான தை ஹஸ்தத்தில் மீண்டும் தொடங்குவது பலர் கொண்ட முறை. அக்காலத்தில் உபதேசரத்தினமாலையும் திருவாய்மொழி நூற்றந்தாதியும் அவ்விடத்தை நிரப்பும். மார்கழியில் திருப்பள்ளியெழுச்சியும் திருப்பாவையும் ஒலிக்கும். ஓதாமையும் ஒரு நியமம். வேதமாகக் கொண்டதற்கே அநத்யயனம் உண்டு. நாள்தோறும் ஓதும் இல்லத்தில்தான் அந்த மௌனத்துக்குப் பொருள் உண்டு. ஓதுதல் நின்றுபோன இல்லத்தில் கார்த்திகைக்கும் வைகாசிக்கும் வேற்றுமை இல்லை. நிறுத்துவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

பூர்வர்கள் குருபரம்பரையை நீர்ப்பாய்ச்சலாக உருவகித்தனர். எம்பெருமானாகிய கடலில் நம்மாழ்வாராகிய மேகம் முகந்து, நாதமுனிகளாகிய மலையில் பொழிந்தது. உய்யக்கொண்டாரும் மணக்கால் நம்பியுமாகிய அருவிகளாய் இறங்கி, ஆளவந்தாராகிய ஆற்றை அடைந்தது. பெரிய நம்பி முதலிய ஐவராகிய வாய்க்கால்களால் எம்பெருமானாராகிய ஏரியில் நிறைந்து, எழுபத்துநான்கு ஸிம்ஹாஸநாதிபதிகளாகிய மதகுகளின் வழியே ஸம்ஸாரிகளாகிய வயல்களில் பாய்கிறது. மலையும் அருவியும் ஆறும் மதகும் கண்முன் கிடக்கும் கம்பம் பள்ளத்தாக்கில் இதற்கு உரை வேண்டியதில்லை.

அந்நிலத்து உழவர் அறிந்த ஒன்று இங்கும் பொருந்தும். மதகு அடைத்த வாய்க்காலும் தூர்ந்துபோன வாய்க்காலும் கோடையில் ஒன்றுபோலவே வறண்டு கிடக்கும். நீர் திறக்கும் நாளில்தான் வேற்றுமை தெரியும். தூர்ந்ததைத் தூர்வாரினாலன்றி, அணை நிறைந்திருந்தும் கடைமடைக்கு நீர் வாராது. மார்கழியில் எல்லா ஸந்நிதிகளிலும் திருப்பாவை ஒலிப்பது கண்டு வாய்க்கால் செம்மையாய் உள்ளது என்று எண்ணுவது பிழை. தை ஹஸ்தத்தன்று எத்தனை இல்லங்களில் ஓதுதல் மீண்டும் தொடங்குகிறது என்பதே சோதனை.

மாமுனிகள் திருவரங்கத்தில் நம்பெருமாள் திருமுன்பே ஈடு காலக்ஷேபம் செய்த ஏறத்தாழ ஓராண்டில் உத்ஸவங்களும் நிறுத்திவைக்கப்பட்டன என்று ஸம்ப்ரதாயம் கூறும். ஆனி மூலத்தில் அது சாற்றுமுறையாகி, ஸ்ரீசைலேச தனியன் அவதரித்தது. திருவரங்கமே ஓராண்டை வ்யாக்யானத்தால் அளந்தது என்றால், பாசுரம் பெறாத ஊரில் ஓர் இல்லம் தன் ஆண்டைப் பன்னிரண்டு நக்ஷத்ரங்களால் அளப்பது இயலாததன்று. வரும் ஐப்பசித் திருவோணத்தில் பொய்கையாழ்வார் தனியனோடு அவ்வாண்டு தொடங்கும்.