தூக்க வியாதிக்கு மருந்து தேடிய வரலாறு

சகாராப் பாலைவனத்துக்குத் தெற்கே, ஆற்றங்கரைப் புதர்களிலும் ஏரிக்கரைச் சோலைகளிலும் வாழும் செட்சி ஈயின் கடியால் மனித இரத்தத்தில் புகுந்து, மாதக்கணக்கிலோ வருஷக்கணக்கிலோ அங்கே பெருகியிருந்து, முடிவில் மூளையை அடைந்து, பகலில் உறக்கத்தையும் இரவில் விழிப்பையும் சித்தப்பிரமையையும் விளைவித்து உயிரைக் கவர்கிற டிரிப்பனோசோம் என்னும் ஓரணு ஜீவியே தூக்க வியாதிக்கு மூலகாரணம். ஐரோப்பிய அரசுகள் ஆப்பிரிக்காவைப் பங்கிட்டுக்கொண்ட சில ஆண்டுகளுக்குள், விக்டோரியா ஏரிக்கரையிலும் காங்கோ நதிப் பிரதேசத்திலும் லட்சக்கணக்கானோர் இவ்வியாதியால் மாண்டனர். ஏரியும் நதியும் சூழ்ந்த குடியேற்ற நாடுகளில் உழைக்கும் கைகள் குறைந்துபோவதைக் கண்டு கலங்கிய அவ்வரசுகள் மருந்தைத் தேடலாயின. அந்தத் தேட்டம் எப்போது வேகம் கொண்டது, எப்போது தளர்ந்து நின்றது என்பதை ஆராய்ந்தால், ரசாயன சாஸ்திரத்தின் ஆற்றலைவிட, மருந்து யாருக்குத் தேவைப்பட்டது என்ற கேள்வியே அதன் கதியை நிர்ணயித்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

முதல் ஆயுதம் பாஷாணம். ஆர்செனிக்கை அடிப்படையாகக் கொண்ட அட்டாக்சில் என்னும் சேர்மானம் டிரிப்பனோசோமை அழிக்க வல்லது என்பதை 1905இல் லிவர்பூலில் தாமஸ், பிரைன்ல் என்ற இருவர் எலிகளில் பரீட்சித்து நிறுவினர். மறு ஆண்டே ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக் விக்டோரியா ஏரியின் செசே தீவுகளுக்குச் சென்று அம்மருந்தை நோயாளிகளுக்குச் செலுத்தினார். அளவைக் கூட்டக் கூட்டக் குணம் மிகும் என்று எண்ணி அவர் கூட்டியபோது, 22 பேர் பார்வையை என்றென்றைக்குமாக இழந்தனர். பாஷாணம் கிருமியைத் தேடிச் சென்ற வழியில் கண் நரம்பையும் தாக்கியது. பிராங்பர்ட்டில் பால் எர்லிக் அட்டாக்சிலின் உண்மையான அமைப்பைக் கண்டறிந்து, அதன் சாயலில் நூற்றுக்கணக்கான சேர்மானங்களை ஆக்கிப் பரிசோதித்ததன் பயனாகக் கிடைத்த சல்வர்சான், ஐரோப்பாவின் மேக நோய்க்குத் தீர்வாயிற்றே ஒழிய, தூக்க வியாதிக்கு ஆகவில்லை.

1916இல் பேயர் நிறுவனத்தார் கண்டுபிடித்து, பின்னர் ஜெர்மானின் என்று பெயரிட்ட சுராமினின் கதை வேறொரு விதத்தில் நம் சிந்தனைக்குரியது. உலகப் போரில் தன் குடியேற்ற நாடுகளை இழந்த ஜெர்மனியில், இந்த மருந்தின் ரகசியத்தைக் கொடுத்து அவற்றைத் திரும்பப் பெறலாம் என்ற பேச்சுக்கூட எழுந்தது. 1924இல் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தின் பூர்னோ அதன் சூத்திரத்தை வெளியிடவே அந்தக் கனவு கலைந்தது. ஆயினும் சுராமின் இரத்தத்திலுள்ள கிருமியை ஒழிக்குமேயன்றி மூளைக்குள் நுழையாது. மூளை வரை செல்லக்கூடிய டிரிப்பார்சமைடை ராக்பெல்லர் நிலையத்தில் ஜேக்கப்ஸும் ஹைடல்பர்கரும் உருவாக்க, லூயிஸ் பியர்ஸ் என்ற பெண் மருத்துவர் 1920இல் காங்கோவின் லியோபோல்டுவில் நகருக்குத் தனியே சென்று அதன் குணத்தை நிரூபித்தார். அதுவும் பாஷாண வர்க்கமே. அளவு மீறினால் அதுவும் கண்ணைக் கெடுத்தது.

இவ்வரிசையின் உச்சம் 1949இல் வந்த மெலார்சோப்ரால். போர்க்கால விஷவாயுவுக்கு முறிமருந்தாக ஆக்ஸ்போர்டில் ஆக்கப்பட்ட ஒரு பொருளைப் பாஷாணச் சேர்மானத்தோடு இணைத்து, சுவிட்சர்லாந்துக்காரரான எர்ன்ஸ்ட் பிரீட்ஹைம் இதை உருவாக்கினார். வியாதி மூளையை எட்டிய பிறகும் இது பலரைக் காப்பாற்றியது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் இதைச் செலுத்தும்போது நாளத்தில் தீ ஓடுவதுபோல் எரியும். ஊசி குறி தவறினால் சுற்றியுள்ள சதை வெந்துவிடும். நூறு பேரில் ஏறக்குறைய ஐவர் வியாதியால் அன்றி மருந்தினாலேயே மூளை வீங்கி இறந்தனர். இத்தகைய மருந்து ஐரோப்பிய நகரமொன்றின் நோயாளிகளுக்குரிய ஒரே சிகிச்சையாக நாற்பதாண்டுக் காலம் மாற்றமின்றி நீடித்திருக்குமா? ஆப்பிரிக்க நாடுகள் சுதந்திரம் பெற்ற பின், வியாதிக்கு ஆளானவர் தொலைதூரக் கிராமத்து ஏழைகளாக மட்டுமே எஞ்சியதால், லாபத்தை நாடும் மருந்துத் தொழில் அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த மருந்து தற்செயலாகவே வந்தது. புற்றுநோய்க்கென ஆக்கப்பட்ட எப்ளோர்நிதின், டிரிப்பனோசோமின் வளர்ச்சிக்கு இன்றியமையாத ஒரு நொதியை முடக்கிவிடும் என்பது எலிப் பரீட்சைகளால் 1980இல் தெரியவந்தது. மனித உடல் அந்த நொதியை விரைவில் புதுப்பித்துக்கொள்கிறது; கிருமியோ அத்தனை விரைவாகப் புதுப்பிப்பதில்லை. இவ்வேற்றுமையே நோயாளியைக் காத்து நோயைக் கொல்லும் சூட்சுமம். நினைவிழந்து கிடந்தவர்கள் இதனால் எழுந்து நடமாடியதைக் கண்டவர்கள் இதை உயிர்ப்பிக்கும் மருந்தென்று கொண்டாடினர். ஆனால் 14 நாட்கள், ஆறு மணிக்கொரு தரம், நாளத்தின் வழியே செலுத்த வேண்டியிருந்த அதனைச் சாலையும் மின்சாரமும் இல்லாத ஊர்களில் கையாளுவது கடினம். வாங்கும் சக்தியுள்ள சந்தையும் இல்லை. 1990களில் அதன் உற்பத்தி நின்றது. பெண்களின் முகத்தில் வளரும் வேண்டாத ரோமத்தைக் குறைக்கும் களிம்பாக 2000இல் அமெரிக்காவில் அதே பொருள் அனுமதி பெற்ற செய்தி, இவ்வரலாற்றில் என்னை மிகவும் வேதனைப்படுத்துவது. எல்லைகளற்ற மருத்துவர்கள் என்னும் தொண்டு அமைப்பு முதலானோரின் இடையறாத வற்புறுத்தலால் 2001இல் அவெண்டிஸ் நிறுவனம் உலக சுகாதார ஸ்தாபனத்துக்கு அதை இலவசமாக வழங்க இசைந்தது. பின்னர் நிபுர்டிமாக்ஸ் மாத்திரையோடு சேர்த்தபோது, செலுத்தும் தடவைகள் 56இலிருந்து 14ஆகக் குறைந்தன.

2003இல் தோன்றிய, புறக்கணிக்கப்பட்ட வியாதிகளுக்கு மருந்து காணும் லாப நோக்கற்ற ஸ்தாபனம், ஹெக்ஸ்ட் நிறுவனம் கைவிட்டிருந்த பெக்சினிடசோலைப் பழைய ஆவணங்களிலிருந்து மீட்டெடுத்தது. காங்கோவிலும் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசிலும் 394 பேரிடம் நடந்த பரீட்சையில், நாளமருந்துக் கூட்டுக்கு 98 சதவீத வெற்றியும், வீட்டிலிருந்தே உணவோடு விழுங்கத்தக்க இம்மாத்திரைக்கு 91 சதவீத வெற்றியும் கிடைத்தன. சிறிது குறைந்த அந்த வெற்றியையும் ஏற்கலாம் என்று தீர்மானித்தவர்கள், மருத்துவமனையை எட்ட முடியாத மனிதரைக் கணக்கில் வைத்தே தீர்மானித்தனர். அது நேர்மையான தீர்ப்பு. 2018இல் இம்மாத்திரை ஐரோப்பிய மருந்து முகாமையின் ஒப்புதலைப் பெற்றது. ஒரே வேளையில் விழுங்கி முடிக்கும் அகோசிபோரோலின் நற்பலன்களும் 2022இல் வெளியாயின.

கிழக்கு ஆப்பிரிக்காவில் சில மாதங்களுக்குள்ளேயே உயிரைப் பறிக்கும் ரொடீசியன்ஸ் வகை வியாதிக்கு எப்ளோர்நிதின் பயன்படாததால், அங்கே பாஷாண மருந்தே நெடுங்காலம் நிலைத்தது. மலாவியிலும் உகாண்டாவிலும் நடந்த பரீட்சைக்குப் பின், 2024இல் உலக சுகாதார ஸ்தாபனம் அதற்கும் பெக்சினிடசோலையே முதல் மருந்தாக விதித்தது. ஆறு வயது நிரம்பாத குழந்தைகளுக்கும் 20 கிலோவுக்கு எடை குறைந்தவர்களுக்கும் அம்மாத்திரை இன்னும் ஏற்கப்படவில்லை. அவர்களில் மூளை தாக்குண்டவர்களுக்கு மெலார்சோப்ரால்தான் கொடுக்கப்படுகிறது.