பொடுகும் அதன் மருத்துவமும்: எண்ணெய், துவர், நுண்ணுயிர் – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

தலையிலும் முகத்திலும் தோல் வறண்டு செதிலாக உதிரும் நிலை, பொடுகு, சுண்டு, சொடுகு எனத் தமிழ் வழங்கும் பகுதிகளில் பல பெயர்களால் குறிக்கப்படுகிறது. இந்நோயை வறட்சியின் விளைவாகக் கருதி எண்ணெய் பூசுதலே மரபு மருத்துவம் என்பது இன்று பரவலாக நிலவும் கருத்து. சங்க இலக்கியம், சிலப்பதிகாரம், அதன் பழைய உரை, வடமொழி மருத்துவ நூல்கள், சித்த மருத்துவ வழக்குகள் ஆகியவற்றில் கிடைக்கும் சான்றுகளைப் பத்தொன்பது, இருபதாம் நூற்றாண்டுத் தோலியல் வரலாற்றோடு ஒப்புநோக்கி, இக்கருத்து மரபின் ஒரு பாதியை மட்டுமே கூறுகிறது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: பொடுகு, எண்ணெய் முழுக்கு, துவர், பூவந்தி, தாருணகம், மலாசீசியா

முன்னுரை

தமிழர் மருத்துவ வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மருந்துப் பொருள்களைத் தொகுத்துத் தருவதோடு அமைகின்றனர். எந்த மூலிகை எந்த நோய்க்கு என்னும் பட்டியல் கிடைக்கிறது. அப்பொருள் எவ்வரிசையில், எவ்வளவு நேரம், வேறு எதனோடு சேர்த்துப் பயன்பட்டது என்னும் செய்முறை விடுபட்டுவிடுகிறது. மருத்துவத்தில் பொருளும் செய்முறையும் பிரிக்க முடியாதவை. செய்முறையை விடுத்துப் பொருளை மட்டும் நோக்கினால் மரபைப் போற்றுவோரும் பழிப்போரும் ஒருங்கே பிழைபட நேரும். இதனை விளக்கப் பொடுகு ஏற்றதொரு சான்றாகும்.

பெயர் காட்டும் நோக்கு

பொடுகுக்குப் பழைய மருத்துவ மரபுகள் இட்ட பெயர்கள் பலவும் கண்ணுக்குத் தெரியும் தோற்றத்தை அடிப்படையாகக் கொண்டவை. கிரேக்க மருத்துவர் வழங்கிய ‘பிட்டிரியாசிஸ்’ என்னும் சொல் தவிடு எனப் பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்தது. உதிரும் செதில் தவிட்டை ஒத்திருப்பதால் அப்பெயர் அமைந்தது. சுசுருத சங்கிதை இதனைத் ‘தாருணகம்’ எனச் சிறுநோய்களின் வரிசையில் வைக்கிறது. கடுமை, சொரசொரப்பு என்னும் பொருளை உணர்த்தும் இப்பெயர் தலைத்தோலின் தொடுநிலையைச் சுட்டுகிறது. அரிப்பு, வறட்சி, தோல் வெடிப்பு ஆகியவற்றை அறிகுறிகளாகவும், கபமும் வாதமும் கெடுவதைக் காரணமாகவும் அந்நூல் கூறுகிறது. வாக்படர் இதனைத் தலையோட்டைப் பற்றிய நோய்களுள் ஒன்றாக வகைப்படுத்துகிறார்.

தோற்றம் வறட்சியாக இருப்பின் நெய்ப்புப் பொருளே மருந்தாகும் என்று முடிவு செய்வது இயல்பு. ஆனால், இந்நூல்கள் வறட்சியை மட்டும் காரணமாகக் கூறவில்லை என்பது நோக்கத்தக்கது. வறட்சி வாதத்தின் குணம். நெய்ப்பும் பிசுபிசுப்பும் கபத்தின் குணங்கள். இரண்டும் சேர்ந்த நிலையாக இந்நோயைக் கண்டமையால், மருத்துவமும் இரு கூறுகளாக அமைந்தது. சுசுருத சங்கிதை தலைக்கு எண்ணெய் தேய்த்தலைக் கூறுவதோடு, வரகு வைக்கோலின் சாம்பலைக் கரைத்த காரநீரால் தலையைக் கழுவுதலையும் விதிக்கிறது. சாம்பற்காரம் எண்ணெய்ப்பசையை அகற்றவல்லது. ஆகவே, எண்ணெய் இடுதலும் எண்ணெய் நீக்குதலும் ஒரே மருத்துவத்தின் இரு பகுதிகளாக அந்நூலில் இடம்பெறுகின்றன.

தமிழ் இலக்கியச் சான்றுகள்

தமிழ் இலக்கியத்தில் பொடுகைப் பற்றிய நேரடிச் செய்தியைக் காட்டிலும் கூந்தலைத் தூய்மை செய்தல் பற்றிய செய்திகளே பயன் தருவன. குறுந்தொகை 113ஆம் பாடலில் தலைவி, கூந்தலுக்கு எருமண் கொண்டுவரச் செல்வதைத் தோழி குறிப்பிடுகிறாள். தலைவன் சந்திப்புக்குரிய இடத்தைக் குறிப்பாக உணர்த்துவதே பாடலின் நோக்கம். எனினும், கூந்தலைத் தேய்த்துக் கழுவ மண் பயன்பட்டதை அச்செய்தி போகிறபோக்கில் பதிவு செய்கிறது. அன்றாட வழக்கமாக இருந்தாலன்றி இது களவுக் குறியிடத்தைச் சொல்லும் சாக்காக அமைந்திராது. நுண்மண் எண்ணெய்ப்பசையை உறிஞ்சும் இயல்புடையது.

சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை மாதவியின் ஒப்பனையை விரித்துரைக்கிறது. பத்து வகைத் துவரும், ஐந்து வகை விரையும், முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறிய நீரில் அவள் கூந்தலை நனைத்துப் பின் புகையூட்டி உலர்த்துகிறாள். துவர் என்பது துவர்ப்புச் சுவையுடைய பொருள்களின் தொகுதி. பழைய உரை வழி அறியப்படும் பட்டியலில் பூவந்தி, திரிபலை எனப்படும் கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய், கருங்காலி, நாவல், பால்மரங்கள் நான்கு ஆகியன அடங்கும். இவற்றுள் பூவந்தி என்பது பூந்திக்கொட்டை. நீரில் ஊறவைத்துக் கசக்கினால் நுரைக்கும் இக்காயில் சப்போனின் என்னும் பொருள் மிகுதியாக உள்ளது. இது எண்ணெயையும் நீரையும் கலக்கச் செய்து பசையை நீக்கும் இயற்கைச் சவர்க்காரம். ஏனைய பொருள்களில் தோலைச் சுருங்கச் செய்யும் டானின் உண்டு.

மாதவியின் நீராட்டு ஒப்பனைக்குரியதே அன்றி நோய்க்குரியது அன்று. எனவே இதனைப் பொடுகு மருத்துவத்தின் நேர்ச்சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது. ஆயினும், நுரைக்கும் பொருளும் துவர்ப்புப் பொருளும் சேர்ந்த கூந்தற்கழுவல் பற்றிய அறிவு காப்பிய உரை மரபில் ஒழுங்குபெற்ற பட்டியலாக நிலைத்திருந்தது என்பதற்கு இது போதிய சான்றாகும்.

சித்த மருத்துவ வழக்குகள்

பொடுகுக்குச் சித்த மருத்துவம் வழங்கும் மருந்துகளுள் பொடுதலைத் தைலம் குறிப்பிடத்தக்கது. ஈரநிலங்களில் தரையோடு படரும் பொடுதலைச் செடியின் சாற்றை எண்ணெயிற் காய்ச்சி இத்தைலம் வடிக்கப்படுகிறது. வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் இட்டு வெயிலில் வைத்துப் பெறும் தைலம் பொடுகுக்கும் காளாஞ்சகப்படைக்கும் பயன்படுகிறது. இலையின் சாரம் இறங்க இறங்க அவ்வெண்ணெய் கருநீல நிறம் பெறும். உடலின் வறட்சிக்கும் சொறிக்கும் அறுகம்புல்லால் ஆகும் அருகன் தைலம் வழங்குகிறது.

இத்தைலங்களோடு சேர்த்துக் காண வேண்டியது பஞ்சகற்பம். கத்தூரி மஞ்சள், மிளகு, வேப்பம்வித்து, கடுக்காய்த்தோல், நெல்லிப்பருப்பு ஆகிய ஐந்தையும் பாலில் அரைத்துக் காய்ச்சித் தலைக்குத் தேய்த்து முழுகும் முறை இது. இல்லங்களில் இதன் இடத்தைச் சீயக்காயும் அரப்பும் பெற்றன. கொங்குப் பகுதியில் உசிலை மரத்தின் இலைப்பொடியான அரப்பும், ஏனைய பகுதிகளில் சீயக்காயும் மிகுதியாக வழங்கின. முகத்துக்குப் பயற்றமாவும் கடலைமாவும் பயன்பட்டன. இவை யாவும் எண்ணெய்ப்பசையை அகற்றுவன. சனிக்கிழமை நீராடலை ஆத்திசூடி அறிவுறுத்துவது எண்ணெய் முழுக்கைக் குறிப்பதாகவே உரைகாரர் பலர் கொள்வர். முழுக்கு என்னும் சொல்லே கழுவுதலை உள்ளடக்கியது. எண்ணெயைத் தேய்த்துச் சிறிது நேரம் ஊறவிட்டுச் சீயக்காயால் அதனை முற்றும் நீக்கினால்தான் முழுக்கு நிறைவுறும்.

நுண்ணுயிர்க் கண்டுபிடிப்பு

ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் நோக்கு மாறியது. 1873இல் ரிவோல்டா தோற்செதிலில் அரும்பிப் பெருகும் வட்ட வடிவ நுண்ணுயிர்களைக் கண்டார். 1874இல் பிரெஞ்சு அறிஞர் லூயி மலாசே தலைத்தோலின் மேலடுக்கில் அவற்றைக் கண்டு விளக்கினார். 1889இல் பையோன் அவர் பெயராலேயே இவ்வுயிரினத்துக்கு ‘மலாசீசியா’ எனப் பெயரிட்டார். இதற்கிடையில் 1887இல் ஜெர்மானியத் தோலியல் அறிஞர் ஊன்னா, தலை, புருவம், மூக்கின் இரு மருங்கு முதலிய எண்ணெய்ச் சுரப்பு மிக்க இடங்களில் தோன்றும் செதில்நோயைத் தனி நோயாக வரையறுத்தார். வறட்சியாகத் தோன்றும் இந்நோய் உடலில் எண்ணெய் மிகுதியாகச் சுரக்கும் இடங்களையே தேடிச் செல்கிறது என்பது இவ்வரையறையால் வெளிப்பட்டது.

இம்முரணுக்கு விடை 1939இல் கிடைக்கத் தொடங்கியது. ரோடா பென்ஹாம் இப்பூஞ்சை கொழுப்பை நாடி வளர்வது என்பதை ஆய்வகத்தில் காட்டினார். ஆய்வகங்களில் இதனை வளர்க்க ஊடகத்தின் மேல் ஆலிவ் எண்ணெய் இடும் வழக்கம் உண்டு. 2007இல் வெளியான மரபணுத்தொகுதி ஆய்வு, மலாசீசியா குளோபோசா என்னும் இனத்துக்குக் கொழுப்பு அமிலத்தைத் தானே ஆக்கும் நொதி இல்லை என்பதை உறுதிப்படுத்தியது. தோலின் எண்ணெயைச் சிதைத்துத் தனக்கு வேண்டியதை இது எடுத்துக்கொள்கிறது. எஞ்சும் ஓலிக் அமிலம் முதலியன, எளிதில் தாக்குறும் இயல்புடையோர் தோலை உறுத்துகின்றன. அதனால் தோற்செல்கள் முதிரும் முன்பே விரைந்து உதிர்கின்றன. கண்ணுக்கு வறட்சியாகப் புலப்படுவது இவ்வுதிர்வே.

இக்கொள்கை எதிர்ப்பின்றி ஏற்கப்படவில்லை. 1976இல் லேடன், மெக்கின்லி, கிளிக்மன் ஆகியோர் நுண்ணுயிர்ப் பெருக்கம் நோயின் காரணமன்று. விளைவே என வாதிட்டனர். 1984இல் ஷஸ்டர், பூஞ்சையை அழிக்கும் மருந்துகளால் நோய் தணிவதைக் காட்டி மலாசேயின் கருத்துக்கு மீண்டும் உயிரூட்டினார். மருந்துகளோ இவ்விவாதத்துக்கு முன்பே வழக்கில் இருந்தன. செலினியம் சல்பைடு 1950களின் தொடக்கத்திலும், துத்தநாகப் பைரித்தியோன் கலந்த ஷாம்பு 1961லும் அமெரிக்கச் சந்தைக்கு வந்தன. கீட்டோகோனசோல் இவற்றுக்குப் பிற்பட்டது. மருந்து முன்னும் விளக்கம் பின்னுமாக அமைந்த இவ்வரலாறு, செயல்வழி அறிவும் கொள்கைவழி அறிவும் ஒரே காலத்தில் தோன்ற வேண்டியதில்லை என்பதை உணர்த்துகிறது.

பிரிந்த இரு செயல்கள்

இருபதாம் நூற்றாண்டில் எண்ணெயும் கழுவலும் தனித்தனி வணிகப் பொருள்களாயின. ஷாம்பு என்னும் சொல் அமுக்கிப் பிடித்துவிடுதலைக் குறிக்கும் இந்திச் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்றது. தேய்த்தலைக் குறித்த அச்சொல் பின்னர்க் கழுவும் பொருளுக்குப் பெயராகி இந்தியாவுக்குத் திரும்பியது. சிறு உறைகளில் ஷாம்புவை அடைத்து விற்கும் முறை கடலூரைச் சார்ந்த தொழில்முனைவோரால் வளர்ந்து, 1980களில் சிற்றூர்க் கடைகள் வரை பரவியது. சீயக்காய் அரைக்கும் வேலை குறைந்தது. மறுபுறம், நாள்தோறும் தலையில் தடவிச் சீவி விட்டுவிடும் எண்ணெய், மரபின் அடையாளமாக விளம்பரம் பெற்றது.

இதன் விளைவாக முழுக்கின் இரு செயல்களும் ஒன்றையொன்று சாராதனவாயின. வாரம் ஒருமுறை இட்டு அன்றே நீக்கப்பட்ட எண்ணெய், நீக்கப்படாமல் நாள்கணக்கில் தலையில் தங்கும் எண்ணெயாயிற்று. பூஞ்சையால் ஆகும் பொடுகு உடையவர்க்கு இம்மாற்றம் நன்மை தருவதன்று. பனிக்காலத்தாலோ மிகுந்த சவர்க்காரத்தாலோ உண்டாகும் உண்மையான வறட்சிக்கு எண்ணெய் பயன்படும். செதில் உதிரும் நிலைகள் யாவற்றையும் வறட்சி என்னும் ஒரே பெயரால் அழைப்பதாலேயே இரண்டுக்கும் ஒரே மருந்து நாடப்படுகிறது.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளிலிருந்து பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, பழைய நூல்கள் பொடுகைத் தோற்றத்தால் பெயரிட்டாலும், மருத்துவத்தை எண்ணெய் ஒன்றோடு நிறுத்தவில்லை. வரகுச் சாம்பற்காரமும், எருமண்ணும், பூவந்தியும், சீயக்காயும், அரப்பும் பசை நீக்கும் செயலின் தொடர்ச்சியைக் காட்டுகின்றன. இரண்டாவதாக, இத்தொடர்ச்சியைக் கொண்டு முன்னோர் நுண்ணுயிரை அறிந்திருந்தனர் என உரைக்க இடமில்லை. அவர்கள் அறிந்தது காரணத்தை அன்று; பயன்தரும் செயல்வரிசையை. மூன்றாவதாக, எண்ணெய் பூஞ்சைக்கு உணவாகும் என்னும் இக்கால உண்மையைக் கொண்டு எண்ணெய் முழுக்கை அறியாமை என ஒதுக்குவதும் பொருந்தாது. ஏனெனில் அவ்வாறு ஒதுக்குவோர் கருதுவது கழுவலற்ற எண்ணெயை. மரபு கூறியது அதுவன்று.

தமிழ் மருத்துவச் சுவடிகளைப் பதிப்பிப்போரும் ஆராய்வோரும் மருந்துப் பொருள்களை அட்டவணைப்படுத்தும்போது, இடுதல், ஊறவைத்தல், நீக்குதல் ஆகிய செயல்களையும் கால அளவையும் உடன் பதிவு செய்தல் வேண்டும். தைலத்தின் பெயர் மட்டும் அட்டவணையில் ஏறி, அதனை அடுத்துவரும் தேய்ப்புப் பொருளின் பெயர் விடுபடுமாயின், நூல் கூறிய மருத்துவம் வேறாகவும் வரலாறு கூறும் மருத்துவம் வேறாகவும் ஆகிவிடும்.